புத்தகம் போட 28,000 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: செட்டிநாட்டு ஊருணிகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு செய்து போன வருடம் முனைவர் பட்டம் வாங்கினேன். தனியார் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் அது இருக்கிறது. 'ஷோத்கங்காவில் உங்கள் ஆய்வேட்டைப் பார்த்தோம், இருபதே நாளில் சர்வதேச நூலாக வெளியிடுகிறோம்' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. நிறுவனத்தின் பெயரிலேயே 'யுனிவர்சிட்டி பிரஸ்' என்று இருக்கிறது. ஐ.எஸ்.பி.என். கட்டணம் உட்பட 28,000 ரூபாய். கட்டலாமா? வெளிநாட்டு யுனிவர்சிட்டி பிரஸ் ஒன்றின் புதிய நூல் அறிவிப்பில் என் தலைப்புக்கு நெருக்கமான புத்தகம் ஒன்றையும் பார்த்தேன். அங்கெல்லாம் என்னைப் போன்றவர்கள் முயல முடியுமா?

பதில்: கட்டாதீர்கள். அந்த மின்னஞ்சலுக்குப் பதில்கூடப் போட வேண்டாம்.

முதலில் ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் அதற்குக் கட்டணமே கிடையாது. கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐ.எஸ்.பி.என். முகமை இலவசமாகவே தருகிறது. தனி ஆளாக நீங்களே விண்ணப்பித்து வாங்கலாம். அது புத்தகத்துக்கான அடையாள எண், அவ்வளவுதான். மளிகைக் கடைப் பொட்டலத்தில் இருக்கும் பார்கோடு சரக்கின் தரத்தைச் சொல்லுமா? அதுபோலத்தான் இதுவும். இலவசமாகக் கிடைப்பதற்கே ரசீது போடுகிறவர் மற்றதில் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வியாபாரம் ஏன் செழிக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளில் ஆசிரியரின் ஆய்வு மதிப்பெண்ணுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. சர்வதேசப் பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு 12, தேசியப் பதிப்பகத்துக்கு 10. அந்த இரண்டு மதிப்பெண்ணுக்காக வெளிநாட்டில் ஒரு முகவரியை வாடகைக்குப் பிடித்துக் கடை விரித்துவிடுகிறார்கள். புத்தகத்தை யார் படித்துப் பார்த்தார், யார் திருத்தினார் என்று நேர்காணல் குழுவில் கேட்பார் இல்லை. அட்டையையும் எண்ணையும் பார்த்து டிக் அடித்தால் வேலை முடிந்தது. ஆளைக் குறை சொல்லி என்ன பயன், அட்டவணை போட்டவர்களை அல்லவா கேட்க வேண்டும்!

காசே கேட்காத ரகமும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது உங்கள் உரிமை. ஆய்வேட்டை ஒரு எழுத்துகூட மாற்றாமல் அட்டை போட்டு, யாரும் வாங்க முடியாத விலையை வைத்து இணையத்தில் தொங்கவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஓர் இளம் ஆசிரியர் இப்படி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம் கழித்து நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் அவருடைய ஆய்வை விரும்பிக் கேட்டபோது, கொடுக்க அவரிடம் எதுவும் மிச்சமில்லை. நம் 1957 காப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால்தான் 'உலகம் முழுவதும், காப்புரிமைக் காலம் முழுவதும்' என்று பொடி எழுத்தில் எழுதி வைக்கிறார்கள். அந்தக் காலம் என்பது உங்கள் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும்.

சரி, உண்மையான யுனிவர்சிட்டி பிரஸ் காசு கேட்கவே கேட்காதா? ஓர் இடத்தில் கேட்கும். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நல்ல இடத்தையும் சந்தேகப்பட்டு விட்டுவிடுவீர்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி நூலை இணையத்தில் திறந்துவிடுவதைத் திறந்த அணுக்கம் என்கிறார்கள். விற்பனை வருமானம் குறையும், ஆகவே செலவை யாராவது ஏற்க வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய லூமினோஸ் திட்டத்தில் பதிப்பகம், நூலகங்கள், ஆசிரியரின் கல்வி நிறுவனம் எல்லாரும் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். எம்.ஐ.டி. பிரஸ் 2021-இல் கொண்டுவந்த ஏற்பாட்டில் நூலகங்கள் கூட்டாகப் பணம் போடுகின்றன, ஆசிரியர் தர வேண்டியதில்லை. வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வரிசையைப் பாருங்கள். நல்ல இடத்தில் முதலில் மதிப்பீடு, அப்புறம் ஏற்பு, அதற்குப் பிறகுதான் பணப் பேச்சு. அந்தப் பணமும் பெரும்பாலும் நிறுவனத்தின் நிதியிலிருந்து வருவது, உங்கள் சம்பளத்திலிருந்து அல்ல. படித்துப் பார்க்கும் முன்பே வங்கிக் கணக்கு எண்ணை அனுப்புகிறவர் பதிப்பாளர் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. முயலலாம். கேட்க எந்தக் கட்டணமும் இல்லை, இடையில் எந்த ஏஜென்டும் தேவையில்லை. 'ஆக்ஸ்போர்டில் எனக்கு ஆள் இருக்கிறது' என்று சொல்லி வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அங்கே ஒரு நூலை ஏற்பது பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அடங்கிய குழு. ஆக்ஸ்போர்டில் டெலிகேட்ஸ், கேம்பிரிட்ஜில் சிண்டிக்ஸ் என்று அந்தக் குழுவுக்குப் பெயர். அதற்கு முன் வழக்கமாக இரண்டு வெளி நிபுணர்களாவது படித்து அறிக்கை தருவார்கள். மாதக்கணக்கில் ஆகும். இருபது நாள் கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

நீங்கள் பார்த்த புதிய நூல் அறிவிப்புதான் உங்களுக்கு நல்ல வழிகாட்டி. அந்தப் புத்தகம் பதிப்பகத்தின் எந்த நூல் வரிசையில் வந்தது என்று பாருங்கள். நன்றியுரையில் பதிப்பாசிரியரின் பெயர் பெரும்பாலும் இருக்கும், எழுத வேண்டியது அவருக்கு. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் சங்கம், எந்தப் பதிப்பகம் எந்தத் துறையில் நூல் போடுகிறது என்று ஓர் அட்டவணை வெளியிடுகிறது. அதையும் பார்த்துவிடுங்கள். அனுப்ப வேண்டியது முன்மொழிவு, இயல்வாரிச் சுருக்கம், ஒன்றிரண்டு மாதிரி இயல்கள், உங்களைப் பற்றிய குறிப்பு. முழு ஆய்வேட்டையும் அனுப்பவே கூடாது.

ஆய்வேடு ஷோத்கங்காவில் கிடக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். அவர்கள் எதிர்பார்ப்பது திருத்தி எழுதிய வேறொரு புத்தகத்தை. முன்னாய்வு இயலையும் ஆய்வு முறை இயலையும் வெட்டி எறியுங்கள். ஊருணியை யார் வெட்டினார்கள், யாருக்குத் தண்ணீர் மறுத்தார்கள் என்று முதல் பக்கத்திலேயே தொடங்குங்கள்.

ஒருவேளை அந்த மின்னஞ்சல்காரர்களிடம் ஏற்கெனவே ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு காப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை முதலில் பாருங்கள். முன்மொழிவை அதற்கு அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.