ஸ்பிளிட் ஏசி தண்ணீர் உள்ளே சொட்டுவது

வணக்கம் நண்பரே. வெளியே டிரெயின் குழாயில் (ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய்) சொட்டுத் தண்ணீர் வரவில்லை, உள்ளே சுவரில் வழிகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அந்தக் குழாயில் அடைப்புதான், கேஸ் நிரப்ப அவசரப்படாதீர்கள். மெயினை அணைத்து, ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயிலைப் பாருங்கள். பனி படர்ந்திருந்தால் ஃபில்டர் அழுக்காகவோ கேஸ் குறைந்தோ இருக்கலாம். கேஸ் குறைந்திருந்தால் மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

பனி இல்லையென்றால், குழாயின் வெளிமுனையில் வெட் வேக்குவத்தை (தண்ணீரையும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர்) வைத்து, இடைவெளியைத் துணியால் இறுக்கி உறிஞ்சுங்கள். கொழகொழவென்று பாசி வரும். வெளியிலிருந்து காற்றடிக்க வேண்டாம், அழுக்கு காயிலுக்குக் கீழே தண்ணீர் சேரும் டிரேக்கே திரும்பும்.

செடிக்குத் தண்ணீர் பிடிக்க பக்கெட் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம். குழாய் முனை தண்ணீரில் மூழ்கினால் காற்று அடைத்துக்கொண்டு சரியாக வடியாமல் போகலாம். முனை பக்கெட் தண்ணீரில் படாத அளவுக்கு மட்டும் தூக்கிக் கட்டிவிட்டு, டிரேயில் ஒரு டம்ளர் தண்ணீர் மெதுவாக ஊற்றிப் பாருங்கள்.