பொறியியல் கலந்தாய்வு: கட்-ஆஃப் முதல் சீட் உறுதி வரை வாசகர் கேள்விகள்

கணிதம் 92, இயற்பியல் 86, வேதியியல் 89. என் கட்-ஆஃப் எவ்வளவு? என் நண்பனுக்கும் அதே கட்-ஆஃப் வந்தால் யாருக்கு முன்னுரிமை?
– மாணவர், ஸ்ரீவில்லிபுத்தூர்

கணித மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். மற்ற இரண்டும் பாதியாகும்: 43, 44.5. கூட்டினால் 200-க்கு 179.5. மொழிப்பாடங்கள் இந்தக் கணக்கில் வராது. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் கூடும் இரண்டுக்குச் சமம் என்பதைக் கவனியுங்கள். மறுமதிப்பீட்டுக்குப் போவதானால் முதலில் கணித விடைத்தாளின் நகலை வாங்கிப் பாருங்கள்.

கட்-ஆஃப் சமமானால் முதலில் கணிதம், அடுத்து இயற்பியல் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எல்லா மதிப்பெண்ணும் ஒத்துப்போனால் வயதில் மூத்தவர் முன்னே வருவார். பிறந்த தேதியும் ஒன்றே என்றால்தான் 10 இலக்கச் சமவாய்ப்பு எண் (ரேண்டம் நம்பர்). அதில் பெரிய எண்ணுக்கு முன்னுரிமை. சமவாய்ப்பு எண் சிறியதாக வந்துவிட்டதே என்று பலர் கலங்குகிறார்கள். அது பயன்படும் இடமே அபூர்வம்.

கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என் மகளுக்குக் கிடைக்காது என்று தெரியும். ஆசைக்காக அதை முதல் சாய்ஸாகப் போட்டால், கீழே இருக்கும் நல்ல இடமும் கைநழுவிவிடுமா?
– தந்தை, திண்டுக்கல்

நழுவாது. இந்தப் பயத்தால்தான் ஆண்டுதோறும் நல்ல தரவரிசை உள்ள பிள்ளைகள் தேவையில்லாமல் இறங்கிப் போகிறார்கள்.

மென்பொருள் வேலை செய்யும் விதம் இது. ஒரு சுற்றில் தரவரிசையின் முதல் மாணவரை எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். அவருக்கு இடம் கொடுத்த பிறகே அடுத்தவர். உங்கள் மகளின் முறை வரும்போது, முதல் வரியில் உள்ள கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில் பொதுப்போட்டி இடம் மிச்சம் உள்ளதா என்று பார்க்கும். இல்லையென்றால் அவருடைய இட ஒதுக்கீட்டுப் பிரிவில் பார்க்கும். இரண்டிலும் இல்லாவிட்டால் இரண்டாவது வரிக்குப் போகும். அவருக்குப் பின்னால் இருக்கும் மாணவர் அதே கல்லூரியை முதல் சாய்ஸாகப் போட்டிருந்தாலும், அவரால் உங்கள் மகளை முந்த முடியாது.

கெடுதல் வேறு இடத்தில் நடக்கிறது. 'பாதுகாப்புக்கு' என்று சொல்லி, உறுதியாகக் கிடைக்கும் ஒரு கல்லூரியை மூன்றாவது வரியிலேயே போட்டுவிடுவார்கள். மென்பொருள் அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். நான்காவது வரியில் இன்னும் நல்ல இடம் காலியாக இருந்தாலும் பார்க்காது. பின்னால் 'அப்வேர்டு', அதாவது இன்னும் மேலான இடம், கேட்டாலும், கிடைத்த வரிக்கு மேலே உள்ளவை மட்டுமே கணக்கு. ஆகவே ஆசை வரிசைதான் பட்டியலின் வரிசை. பாதுகாப்பான கல்லூரிகள் கடைசியில் வரட்டும்; ஆனால் கட்டாயம் இருக்கட்டும். சாய்ஸுக்கு உச்சவரம்பு கிடையாது. பத்துப் பதினைந்தோடு நிறுத்தியவர்களுக்குத்தான் 'ஒதுக்கீடு இல்லை' என்று வருகிறது.

இன்னொன்று: அரசு உதவி பெறும் கல்லூரிகள் சிலவற்றில் ஒரே பாடப்பிரிவு இரண்டு குறியீடுகளில் இருக்கும். 'எஸ்.எஸ்.' என்று சேர்ந்திருப்பது சுயநிதிப் பிரிவு, கட்டணம் அதிகம். பெயரை மட்டும் பார்த்துச் சேர்த்துவிட்டு, பணம் கட்டும் நாளில் திகைக்க வேண்டாம்.

போன வருடம் அந்தக் கல்லூரி 178-க்கு முடிந்தது. எனக்கு 179. கிடைத்துவிடும்தானே?
– மாணவி, நாமக்கல்

மதிப்பெண்ணை வைத்துச் சொல்ல முடியாது. வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் 179-உம் அதற்கு மேலும் எடுத்தவர்கள் கூடுவார்கள், கட்-ஆஃபும் ஏறும். சென்ற ஆண்டு அந்தப் பாடப்பிரிவில் உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவின் கடைசி இடம் எந்தத் தரவரிசைக்குப் போனது என்று பார்த்து, இந்த ஆண்டு உங்கள் தரவரிசையோடு ஒப்பிடுங்கள். இடங்கள் கூடியிருந்தால் அதுவும் சற்று நகரும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் எந்தப் பொத்தானை அழுத்துவது?
– பலர்

உறுதி செய்யக் கிடைப்பது இரண்டே நாள். கிடைத்தது முழுத் திருப்தி என்றால் 'அக்செப்ட் அண்ட் ஜாயின்'. ஒதுக்கீட்டு ஆணையோடு ஐந்து நாளுக்குள் கல்லூரியில் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். கையில் உள்ளதை வைத்துக்கொண்டு மேலே முயல 'அக்செப்ட் அண்ட் அப்வேர்டு'. இதற்குக் கல்லூரிக்குப் போகாமல், சேர்க்கை சேவை மையத்தில் பணம் கட்ட வேண்டும். மேலே இடம் கிடைத்த நொடியில் பழைய இடம் தானாகப் போய்விடும். 'பழையதே தேவலை' என்று திரும்ப முடியாது. ஆகவே பட்டியலில் மேலே உள்ள ஒவ்வொன்றிலும் சேர மனம் இருக்கிறதா என்று வீட்டில் முன்பே பேசி முடியுங்கள்.

'டிக்லைன் அண்ட் அப்வேர்டு' பெயரில் ஒத்திருந்தாலும் அடியோடு வேறு. கிடைத்த இடத்தை விட்டுவிட்டுக் காத்திருப்பது அது. மேலே எதுவும் காலியாகாவிட்டால் அந்தச் சுற்றில் வெறுங்கைதான். அவசரத்தில் இதை அழுத்திவிடாதீர்கள். பணம் கட்டும் நாள் தவறினாலும் இடம் ரத்து. ஒதுக்கீடு வருவதற்கு முன்பே தொகையைத் தயாராக வையுங்கள்.

எட்டாவது வரை அரசு உதவி பெறும் பள்ளி, பிறகு அரசுப் பள்ளி. 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்குமா?
– தாய், கடலூர்

கிடைக்காது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். கலந்தாய்வில் கிடைக்கும் இடத்துக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது.

நல்ல கல்லூரியில் மெக்கானிக்கலா, புதிய கல்லூரியில் செயற்கை நுண்ணறிவா?
– மாணவர், திருப்பூர்

கணிதமும் நிரலாக்கமும் பிடிக்கும் என்றாலும் கல்லூரியையே முதலில் பார்க்கச் சொல்வோம். என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரம் கல்லூரி முழுமைக்கும் அல்ல, பாடப்பிரிவு வாரியாகக் கிடைப்பது. குறைந்தது இரண்டு பேட்ச் மாணவர்கள் படித்து வெளியேறிய பிறகே அதற்கு விண்ணப்பிக்க முடியும். வாசலில் பலகை இருந்தாலும், நீங்கள் சேரப்போகும் துறைக்கு அது உண்டா என்று கேளுங்கள். துறைக்கு நேரில் போய் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை ஆசிரியர்கள் மூன்று ஆண்டுக்கு மேல் அங்கேயே இருக்கிறார்கள் என்று இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் விசாரியுங்கள்.

ஜே.இ.இ. மெயின் மதிப்பெண் இதில் உதவுமா?
– மாணவி, தஞ்சாவூர்

உதவாது. 2007 முதல் இங்கே பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே. ஜே.இ.இ. மெயின் திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கு, அங்கே பாதி இடங்கள் தமிழ்நாட்டுக்கே. இரண்டு கலந்தாய்விலும் பங்கேற்கலாம், தடையில்லை. ஒரு கல்லூரியில் அசல் மாற்றுச் சான்றிதழைக் கொடுப்பதற்கு முன் மற்றதன் சுற்றுத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.