கள்ளமடிக்க அனுமதி கேட்கும் தம்பிக்கு

கேள்வி: அக்கா, நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் உயர்தரம் இரண்டாம் வருடம், கலைப்பிரிவு. மாணவர் தலைவராகவும் இருக்கிறேன். எங்கள் பாடசாலையில் ஒவ்வொரு வருடமும் கடைசி வகுப்புக்காரர் பரீட்சைக்கு முன் ஒருநாள் சேர்ந்து பள்ளிக்குக் கள்ளமடித்துவிட்டு இரணைமடுக் குளத்துக்குப் போவார்கள். போன வருடம் போனவர்களை அதிபர் ஒரு கிழமை வகுப்புக்கு வெளியே நிற்கவிட்டு, பெற்றோரையும் கூப்பிட்டு ஏசினார். அதில் என் அண்ணாவும் ஒருவர். இந்த முறை நாங்கள் ஒளித்துப் போக விரும்பவில்லை. பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் பிக் மேட்ச் என்கிற வருடாந்தக் கிரிக்கெட் போட்டி இருக்கிற மாதிரி, இதையும் பாடசாலை ஏற்றுக்கொண்ட ஒரு மரபாக ஆக்கவேண்டும் என்று அதிபருக்குக் கடிதம் எழுதப் போகிறோம். என்ன எழுதலாம்? (வகுப்பில் 31 பேர். பெண்பிள்ளைகள் எப்படியும் வரமாட்டார்கள், அதனால் 14 பேர்தான்.)
பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பதில்: தம்பி, உம்முடைய கடிதத்தை வீட்டில் சத்தமாக வாசித்தேன். எங்கள் வீட்டு அவர் பிளேன்ரீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் திண்ணையில் படுத்திருந்த நாய் எழும்பி ஓடிவிட்டது. "பாஸ் எடுத்துக்கொண்டு கள்ளமடிக்கப் போற முதல் ஆக்கள் இவங்கள்தான்" என்றார். போர்க்காலத்தில் வெளியே போகவரப் பாஸ் எடுத்தே வளர்ந்த தலைமுறைக்கு அது பகிடி, விளங்காவிட்டால் அப்பாவைக் கேளும். நானும் சிரித்தேன், அடைப்புக்குறிக்குள் இருந்த கடைசி வரி வரும்வரைக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பாடசாலை மூலம் உயர்தரம் எழுத 80 வீத வரவு வேண்டும். வருடத்துக்கு ஏறக்குறைய 200 நாள் என்று பிடித்தால் 40 நாள் வராவிட்டாலும் தப்பலாம், ஒரு நாளில் யாருடைய படிப்பும் கவிழாது. இது அதிபருக்கும் தெரியும். கடைசித் தவணையில் ரியூசன் என்றும் வீட்டிலிருந்து பாஸ்ட் பேப்பர் செய்கிறேன் என்றும் சொல்லிப் பாதிக் கதிரை வெறுமையாகக் கிடக்கும்போது யாரும் பெற்றோரைக் கூப்பிட்டு ஏசுவதில்லையே. (இதைக் கடிதத்தில் எழுதிவிடாதேயும். உண்மைதான், ஆனால் உள்ள அலுவலையும் கெடுக்கும்.) அப்படியென்றால் இந்த ஒரு நாளுக்கு மட்டும் ஏன் அவருக்கு இவ்வளவு கோபம் என்று யோசித்தீரா?

என் கதையைச் சொல்கிறேன். நான் உயர்தரம் படித்தது 1997ல், ஒட்டுசுட்டான் பக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளும் சேர்ந்து ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள் அறுபது பேர் இருந்த காலம். பெட்டையள் ஏழு பேர், ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு சைக்கிளில் முத்தையன்கட்டுக் குளத்துக்குப் போனோம். கொண்டுபோனது ஒரு போத்தல் தண்ணி, கச்சான் இரண்டு சரை, உப்பும் தூளும் பிரட்டின மாங்காய். குளக்கட்டில் இருந்து கதைத்துக்கொண்டிருக்கப் பத்தரை மணிபோலக் கிபிர் போர்விமானச் சத்தம் கேட்டது. குண்டு விழுந்தது வேறெங்கோ, தூரத்தில். கட்டின் கீழ்ப்பக்கம் ஒரு பாலை மரத்தடியில் குப்புறப் படுத்துக் கிடந்துவிட்டு, எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு மிச்சக் கச்சானையும் தின்றோம். எங்களுக்கு அது அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் அதே நேரம் பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்கின ரீச்சர் இடாப்பைக் கையில் வைத்துப் பெயர் கூப்பிட்டிருக்கிறார். ஏழு பெயருக்குச் சத்தமில்லை. பின்னேரம் ஆறு மணிபோல, நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருக்க, சைக்கிளில் வந்து படலையடியில் நின்றார். உள்ளே வரவில்லை, ஏசவில்லை, அம்மாவைக் கூப்பிடவும் இல்லை. சைக்கிள் கூடைக்குள் இருந்த இடாப்பை எடுத்து, என்னை ஒருமுறை பார்த்து, பேனையால் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் ஐந்தாவது வீடாம், அந்த ஏழு வீடும் ஒரே ஊரில் இருந்தவையும் இல்லை. அடுத்த நாள் வகுப்பில் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை, நாங்கள்தான் ஒரு மாதம் அவருடைய முகத்தைப் பார்க்கமுடியாமல் திரிந்தோம்.

இப்போது கிபிர் இல்லை, இரணைமடு இருக்கிறது. கனகராயன் ஆற்றுத் தண்ணி முழுக்க வந்து நிற்கிற குளம், கரையில் முழங்கால் தண்ணியாக இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஆளை விழுங்குகிற பள்ளமும் சேறும் இருக்கும். வன்னிக் குளங்களில் குளிக்கப்போய் மூழ்கின பிள்ளைகளின் செய்தி உமக்கும் புதிதில்லை. அப்படி ஒன்று நடந்தால் "பிள்ளை எங்கே நின்றது" என்று முதலில் கேட்கப்படுகிற ஆள் அதிபர். அவர் ஏசினதை நான் அந்தப் படலையடியில் நின்றுதான் பார்க்கிறேன். ஒரு கிழமை வெளியில் நிற்கவிட்டது அதிகம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் படிப்பு போனதென்று ஐந்து நாள் படிப்பைப் பறிப்பது என்ன கணக்கு?

இன்னொன்று. உங்களுக்குப் படிப்பிக்கிற இளம் ஆசிரியர்களில் 2009 தொடக்கத்தில் போருக்குள் பள்ளிக்கூடமே இல்லாமல் ஓடித்திரிந்துவிட்டு, அந்த ஆகஸ்டில் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து உயர்தரம் எழுதினவர்கள் இருக்கக்கூடும். அவர்களிடம் போய் "வராமல் இருக்க எங்களுக்கு உரிமை உண்டு" என்று தொடங்கினால் கடிதம் முதல் வரியிலேயே செத்துப்போகும். உரிமை என்ற சொல்லை இந்த முறை விட்டுவிடும்.

பிக் மேட்ச் உதாரணமும் வேண்டாம். யாழ் மத்திய கல்லூரியும் சென். ஜோன்சும் ஆடுகிற வடக்கின் பெருஞ்சமர் 1904ல் தொடங்கினது. அங்கே ஒரு ஆட்டம் நடக்கிறது, ஆசிரியரும் பழைய மாணவரும் அதே மைதானத்தில்தான் நிற்கிறார்கள். உங்களிடம் இருப்பது ஒரு குளம் மட்டும்.

உங்கள் ஆசைக்குச் சொந்தக்காரர் அமெரிக்காவில் நிறையப் பேர். அங்கே உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகள் வசந்தகாலத்தில் ஒருநாள் ஒட்டுமொத்தமாக வராமல் விடுவது பெரிய வழக்கம், பள்ளிகள் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்வதில்லை. கலிபோர்னியா, டெக்சாஸ் மாதிரி மாநிலங்களில் பள்ளிக்கு வருகிற அரச பணமே நாளாந்த வரவைப் பொறுத்தது, பிள்ளை வராவிட்டால் காசும் குறையும், பிறகு எப்படி ஏற்றுக்கொள்வார்கள்? ஆனால் அதே நாட்டில் சில கல்லூரிகள் இந்த முடிச்சை எப்போதோ அவிழ்த்துவிட்டன. மசாசூசெட்சில் மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரியில் 1838ல் இருந்து 'மலை நாள்' என்று ஒன்று இருக்கிறது, பக்கத்தில் ஸ்மித் கல்லூரியில் 1877ல் இருந்து. இலையுதிர் காலத்தில் ஒருநாள் என்று எல்லோருக்கும் தெரியும், எந்த நாள் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் மணி அடிக்கும். அடித்தால் அன்றைக்கு வகுப்பு இல்லை, மலை ஏறப் போகலாம். நாளைத் தெரிவுசெய்வது நிர்வாகம்.

எனக்கு இதில் பிடித்தது அந்த மணிதான். அனுமதி வாங்கினால் கள்ளமடித்த சுகம் போய்விடுமே என்று உங்கள் வகுப்பில் ஒருவனாவது முனகியிருப்பான், அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திகதி குறித்து, நோட்டீஸ் ஒட்டி, சோற்றுப்பார்சலுக்குப் பெயர் பதிந்தால் அது இன்னொரு சுற்றுலா. காலைப் பிரார்த்தனைக்குக் கூட்டம் நிற்கும்போது மணி வழக்கத்துக்கு மாறாக அடிக்கும், அதற்கு முதல் நிமிடம் வரை யாருக்கும் தெரியாது என்றால் அந்தப் படபடப்புக் கொஞ்சமாவது மிஞ்சும். ஒளித்து வைக்கிற வேலையை அதிபரிடம் கொடுத்துவிடுங்கள், அவருக்கும் ஒருநாள் குழப்படி செய்ய ஆசை இருக்காதா?

இனி அலுவலகப் பக்கம். அதிபர் தன்பாட்டில் லீவு விட முடியாது. கோயில் திருவிழாவுக்கு விடுகிற லீவுக்குக்கூட மேலே அனுமதி எடுத்து, பிறகு ஒரு சனிக்கிழமை பதில் பாடசாலை வைப்பதை நீரே பார்த்திருப்பீர். (வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று முல்லைத்தீவுப் பக்கத்து வகுப்புகளில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எந்த அதிபரைக் கேட்டாலும் சொல்லுவார். சனம் முதலில் போகும், கந்தோர் பின்னால் வரும்.) ஆகவே "விடுமுறை" என்று கேட்காதேயும், கேட்டால் கோப்பு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய் அங்கேயே நித்திரை கொள்ளும். கடைசி வகுப்புக்கு மட்டும் ஒரு வெளிக்கள நாள் என்று கேளும். வலயத்தின் அனுமதி அதற்கும் வேண்டும், பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் கூடப் போகிற ஆசிரியர்களும் வேண்டும், ஆனால் அது அவர்களுக்குப் பழக்கமான வேலை. நீங்கள் பாடசாலையின் பொறுப்பில் போவதால் இடாப்பில் வரவும் விழும். அனுமதிக்கு இரண்டு மூன்று திகதியைப் போட்டு எடுத்துவைத்தால், எந்த நாளில் மணி அடிப்பது என்பது அதிபரின் விருப்பம். குளிப்பு வேண்டாம் என்று நீங்களே முதலில் எழுதுங்கள். அவர் சொல்லி நீங்கள் ஒத்துக்கொள்வதைவிட அது நன்றாக இருக்கும், குளக்கட்டில் இருந்து கச்சான் தின்னவும் சத்தம் போட்டுப் பாடவும் தண்ணியில் இறங்கத் தேவையில்லை.

சரி, அந்த அடைப்புக்குறி.

31 பேர் வகுப்பில் 17 பேரை ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டீர். அவர்கள் ஏன் வரமாட்டார்கள்? ஒளித்துப் போய்ப் பிடிபட்டால் உமக்குக் கிடைப்பது ஏச்சு, அண்ணாவுக்குக் கிடைத்த மாதிரி ஒரு கிழமை நிழலில் நிற்கிற தண்டனை. அவர்களுக்கு ஊர்க்கதை, ரியூசன் நிற்பாட்டு, சில வீடுகளில் படிப்பே நிற்பாட்டு. நாங்கள் ஏழு பேர் போனது பெரிய வீரம் என்று நினைக்காதேயும், அதில் ஒருத்தி அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் வரவேயில்லை. காரணம் அந்த நாள்தானா என்று அவளிடம் கேட்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. உங்கள் 14 பேருக்குள்ளும் பாரும், மோட்டார் சைக்கிள் இல்லாதவன், பெற்றோல் காசுக்குப் பங்கு போடமுடியாதவன், அன்றைக்குக் கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போனவன் என்று கழித்துக்கொண்டு வந்தால் அது எட்டுப் பேரின் மரபாகத்தான் முடியும். இதை அதிபர் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று நான் நினைப்பதற்கு இருக்கிற ஒரே காரணம் இதுதான், உம்முடைய கடிதத்தில் அது ஒரு வரிகூட இல்லை. பாடசாலை கூட்டிக்கொண்டு போனால் அந்த 17 பேரின் அம்மாமார் கையெழுத்துப் போடுவார்கள். ஒருவரிடமும் காசு சேர்க்காதீர்கள். வானுக்குப் பழைய மாணவர் சங்கத்தைக் கேளுங்கள், இல்லையென்றால் நடக்கிற தூரத்தில் ஒரு இடத்தைப் பாருங்கள், இரணைமடுதான் என்று சட்டமா?

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இப்படித் தொடங்கலாம்: "எங்கள் வகுப்பில் 31 பேர். பதின்மூன்று வருடம் இந்தப் பாடசாலை மணிக்கு வந்து போயிருக்கிறோம். கடைசியாக ஒருநாள் 31 பேரும் ஒன்றாக ஒரு இடத்தில் இருக்க விரும்புகிறோம். எங்கே இருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்றும் விரும்புகிறோம்." பிறகு இடம், நேரம், குளிப்பில்லை, காசில்லை, நாள் உங்கள் விருப்பம். கடைசியில் 31 கையெழுத்து. முந்தின வருடங்களில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிற வரி தேவையில்லை, அது நீங்கள் செய்ததில்லை.

ஆனால் எழுத முதல் அந்த 17 பேரிடம் போய்க் கேளும், கேட்காமல்தான் வரமாட்டார்கள் என்று எழுதினீர் என்று எனக்குத் தெரியும். கடிதத்தைக் கொடுக்கப் போகும்போதும் அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், கதைக்கிற வேலையை அவரிடம் விட்டுவிடும். நீர் வாய் திறந்தால் போன வருடத்து அண்ணாவின் சாயல் அதிபருக்கு முதலில் தெரிந்துவிடும்.