மலைநாட்டுக் குளிரில் வீட்டுக் கார்பனைக் குறைக்க எதில் தொடங்குவது?

நுவரெலியா பக்கம் இருக்கிறோம், கார்பன் வெளியீட்டைக் குறைக்க வீட்டில் முதலில் எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். குளிக்கிற சுடுதண்ணீரைக் குறைப்பதில் தொடங்குங்கள். 20 லீட்டர் வாளித் தண்ணீரை 18 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க அரை யூனிட் மின்சாரம் போய்விடும். அதில் 9 வாட் எல்.இ.டி. பல்ப் 50 மணித்தியாலத்துக்கு மேல் எரியும். நம்ம கரண்ட் லக்ஷபான நீர்மின் நிலையத்திலிருந்துதானே வருகிறது என்று இருந்துவிடாதீர்கள். நாடு முழுக்க ஒரே மின்கட்டமைப்பு. நுரைச்சோலை மின் நிலையத்தில் நிலக்கரியும் எரிகிறது.

அடுத்தது அடுப்பு. கவ்வாத்து மிலாறை (தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கும் குச்சிகளை) ஈரத்தோடு அடுப்பில் வைத்தால் நுனியில் நுரை தள்ளி 'சூ' என்று சத்தம் வரும். அந்தத் தண்ணீர் ஆவியாகி முடியும்வரை சூட்டில் ஒரு பங்கு வீண்தான், புகையும் கூடும். அதைக் குடிப்பது சமைக்கிற அம்மாவின் நெஞ்சு. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே அடுக்கிச் சில மாதம் காயவிடுங்கள், விறகும் குறைவாகவே செலவாகும்.

இன்னொன்று: நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் கடலை வேக இவ்வளவு நேரம். இரவே ஊறப்போட்டு, பிரஷர் குக்கரில் அவியுங்கள். தேத்தண்ணிக்குக் கேத்தலில் தேவையான அளவு மட்டும் ஊற்றுங்கள்.

மரக்கறிக் கழிவைக் குப்பை மேட்டுக்கு அனுப்பாமல், காய்ந்த இலையோடு கலந்து காற்றுப்பட மக்கவிட்டு லீக்ஸ் பாத்திக்குப் போடுங்கள். காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஒக்சைட்டைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும்.