வாசலுக்கே வந்து அழைப்பவர்கள்

கேள்வி: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் என்று நுழையவே முடியாத பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு, முதலீட்டு வங்கிக்கும், மற்ற கம்பெனிகளுக்கு யோசனை சொல்லும் கன்சல்டிங் கம்பெனிக்கும்தான் கும்பல் கும்பலாகப் போகிறார்களாமே? சரித்திரம், இயற்பியல் படித்தவர்கள்கூட! பணத்தாசை தவிர வேறென்ன?

பதில்: பணத்தாசை என்று சொல்லிவிட்டால் நமக்கு யோசிக்கிற வேலை மிச்சம். ஹார்வர்டின் தலைவராக இருந்த ட்ரூ ஃபாஸ்டை மாணவர்களே இதே கேள்வியால் துளைத்திருக்கிறார்கள். 2008 ஜூனில், படிப்பு முடித்துப் போகிறவர்களுக்கு அவர் ஆற்றிய உரையே அதைப் பற்றித்தான். 2007இல் வேலைக்குப் போன ஆண்களில் 58 சதவீதம், பெண்களில் 43 சதவீதம் நிதிக்கும் கன்சல்டிங்குக்கும் போனதாக மாணவர் பத்திரிகை எடுத்த கணக்கை அதில் எடுத்துச் சொன்னார். பணமும் ஒரு காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை. பிற்பாடு டெக் கம்பெனிகளும் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டன. மருத்துவமும் சட்டமும் என்றும் உள்ளவை, விடுங்கள்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தவர்கள் என்று பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பும் வரிசையில் நின்று உள்ளே போவது, அவர்களுக்குக் கைவந்த ஒரே வித்தை. படிப்பு முடியும்போது முதல்முறையாக எதிரே வரிசை இல்லை. சரியாக அந்த நேரத்தில் கம்பெனிக்காரர்கள் விடுதி வாசலுக்கே வந்து இன்னொரு விண்ணப்பத்தை நீட்டுகிறார்கள். கடைசித் தேதி உண்டு, சுற்றுகள் உண்டு, கழித்துக்கட்டலும் உண்டு. பிறகு விடுவார்களா?

இந்த நகரத்தில் எத்தனை பெட்ரோல் பங்க் இருக்கும் என்று நேர்முகத்தில் கேட்பார்கள். சரியான எண் யாருக்கும் வேண்டாம். மக்கள்தொகை இவ்வளவு, வண்டி இவ்வளவு, ஒரு வண்டிக்கு வாரம் ஒருமுறை என்று பையன் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டே வாய்விட்டு யோசிக்க வேண்டும். சரித்திர மாணவனுக்கும் இது சுலபமாக வரும். இறுதியாண்டு அக்டோபரில், சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவன் கையில் வேலைக் கடிதம். சின்னப் பத்திரிகையில் சேர நினைப்பவளோ, அங்கே இடம் காலியாகும்வரை, மே மாதமானாலும் வெறுங்கையோடு காத்திருக்க வேண்டும். அந்த ஏழு மாதத்தைத் தாங்க எல்லோருக்கும் நெஞ்சுரம் இருக்குமா? எனக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

வெறும் பணம்தான் என்றால் வெண்டி காப் கதையை என்ன செய்வீர்கள்? 1989இல் பிரின்ஸ்டன் இறுதியாண்டு ஆய்வேட்டில் அவர் ஒரு திட்டம் தீட்டினார்: நல்ல பட்டதாரிகள் இரண்டு வருடம் ஏழைப் பள்ளிகளில் பாடம் நடத்த வேண்டும். ‘டீச் ஃபார் அமெரிக்கா’ மறுவருடமே தொடங்கியது. சம்பளம் சாதாரண வாத்தியார் சம்பளம். ஆனால் ஆள் சேர்த்த விதம் வங்கிக்காரர்களுடையது: கல்லூரி கல்லூரியாகப் போனார்கள், சுற்றுச் சுற்றாக வடிகட்டினார்கள். 2010இல் 46,000 பேருக்கு மேல் விண்ணப்பம் போட்டார்கள். எட்டில் ஒருவருக்குத்தான் இடம். சீந்த ஆளில்லாத வாத்தியார் வேலை, இடம் கிடைக்காது என்றதும் பெருமைக்குரியதாகிவிட்டது!

ஃபாஸ்ட் அந்த உரையில் சொன்ன யோசனை: இடம் கிடைக்காது என்று பயந்து 20 தெரு தள்ளியே வண்டியை நிறுத்தாதீர்கள், முதலில் போக வேண்டிய இடத்துக்குப் போய்ப் பாருங்கள், இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டு வரலாம். நல்ல யோசனைதான். ஆனால் ‘இரண்டு வருடம் மட்டும்’ என்று தள்ளி நிறுத்தியவருக்கு அங்கேயே பெரிய வீடும் அதற்கேற்ற வாடகையும் அமைந்துவிடுகின்றன. வண்டியை எடுக்க மனம் வருவதில்லை.

அதிருக்கட்டும். அந்தப் பல்கலைக்கழகங்களுக்கு நீங்கள் கொடுத்த அடைமொழி என்ன? ‘நுழையவே முடியாத’. அங்கே என்ன சொல்லித்தருகிறார்கள் என்று நீங்களும் கேட்கவில்லையே ஐயா!