கணவருக்குக் கடிதம் எழுதியதைத் தவிர அபிகெயில் ஆடம்ஸ் என்ன செய்தார்?

கேள்வியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். முடியவில்லை. "அபிகெயில் ஆடம்ஸ் அமெரிக்காவின் இரண்டாவது அதிபருக்கு மனைவி, ஆறாவது அதிபருக்குத் தாய். கணவருக்குக் கடிதம் எழுதியதைத் தவிர அவர் என்ன செய்தார், ஏன் அவரைப் பற்றி இவ்வளவு பேச்சு?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குறிப்பில் ஒரு வரியில் பெயர் வந்திருக்கும். உங்கள் மேல் கோபம் இல்லை. அந்த "தவிர" என்ற சொல்தான் தைத்தது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "உங்களுக்கு இதில் என்ன தெரியும்" என்று யாராவது வருவார்கள். நான் வரலாறு படித்தவள் இல்லை. பி.யூ.சி.யோடு நின்றவள். என் வீட்டுக்காரர் 1984-லிருந்து 1995 வரை மஸ்கட்டில் வேலை பார்த்தார். நான் பொள்ளாச்சிப் பக்கம் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள், மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு என்று இருந்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் நீலநிற ஏரோகிராம்தான். கடிதத்திலேயே குடும்பம் நடத்துவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

2018-ல் மகளின் பிரசவத்துக்காக பாஸ்டன் போயிருந்தேன். பேத்திக்கு மூன்று மாதம் ஆனதும் மாப்பிள்ளை என்னை ரெட் லைன் ரயிலில் குவின்ஸிக்கு அழைத்துப் போனார். ஆடம்ஸ் குடும்பத்து வீடுகள் அங்கேதான் இருக்கின்றன. அபிகெயில் கல்யாணமாகி வந்த காலத்தில் அந்த இடம் பிரெய்ன்ட்ரீ ஊரோடு சேர்ந்தது. அதிபர் வீடு என்றதும் மாளிகையை எதிர்பார்த்தேன். பென்ஸ் ஹில் என்ற மேட்டின் அடிவாரத்தில் சாதாரண மரவீடு, சின்னச் சின்ன அறைகள், சமையல்கட்டில் பெரிய கணப்படுப்பு. 1764-ல் கல்யாணமாகி வந்தவர். பத்து வருடத்தில் கணவர் ஜான் ஆடம்ஸ் அமெரிக்கக் குடியேற்றங்களின் மாநாட்டுக்காக பிலடெல்பியா புறப்பட்டுவிட்டார். நாலு பிள்ளைகள், பண்ணை, கூலியாட்கள், கடன் எல்லாம் இவர் தலையில். அதற்குப் பிறகு பத்து வருடத்தில் பெரும்பகுதி கணவர் பிலடெல்பியாவிலோ பாரிஸிலோ ஹாலந்திலோதான் இருந்தார்.

அந்த அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, கூட வந்த மாப்பிள்ளையின் நண்பர் சொன்னார்: "ஆன்ட்டி, பொண்டாட்டி புருஷனுக்கு எழுதின லெட்டர்தானே, இதுல என்ன ஹிஸ்டரி இருக்கு?" நல்ல பையன்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வாய் அடைத்துப்போனது. பதில் தெரிந்திருந்தும் சொல்ல வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மாப்பிள்ளை லேப்டாப்பில் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். ஜானும் அபிகெயிலும் ஒருவருக்கொருவர் எழுதியதில் 1,100-க்கும் மேற்பட்ட கடிதங்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. கையெழுத்துப் படமும் பக்கத்திலேயே அச்சு வடிவமும் இலவசமாகப் பார்க்கலாம். அந்தக் குளிர்காலம் முழுக்க, பேத்தி ராத்திரி விழிக்கும்போதெல்லாம் அவளை மடியில் போட்டுக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். எழுத்துப்பிழை நிறைய இருக்கும். அபிகெயில் பள்ளிக்கூடமே போனதில்லை. பாதிரியாரான அப்பாவின் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர். தன் படிப்புக் குறையை நினைத்துக் கடைசிவரை வருத்தப்பட்டவர்.

1777 ஜூலை 10-ம் தேதிக் கடிதம் என்னை உலுக்கிவிட்டது. நிறைமாதக் கர்ப்பம். முந்தைய நாள் கடிதத்திலேயே, உடம்பு நடுங்கியது, வயிற்றில் உயிர் இல்லையோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். மறுநாள் பிரசவ வலி வந்துவிட்டது. வலியோடு உட்கார்ந்து எழுதுகிறார். நடுவில், தப்பிக்க முடியாததைத் தாங்குவதற்காக இந்த நிமிஷம் பேனாவைக் கீழே வைக்கிறேன் என்று ஒரு வரி. அடுத்த வரியில், தாங்கிவிட்டேன், மறுபடி பேனாவை எடுக்கிறேன் என்று தொடர்கிறார். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு வலி வந்துபோயிருக்கிறது. பக்கத்து அறையில் மகள் பிரசவமாகி மூன்று மாதப் பச்சை உடம்பாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் லேப்டாப்பை மூடிவிட்டு வெகுநேரம் பேத்தியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அபிகெயிலுக்கு மறுநாள் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. எலிசபெத் என்று பெயர் வைத்தார்கள். ஜான் பிலடெல்பியாவில் இருந்தார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜூலை கடைசியில் அதே கை இன்னொரு சம்பவத்தை எழுதுகிறது. பிரிட்டனோடு நடந்த சுதந்திரப் போர்க்காலத்தில் காபிக்கும் சர்க்கரைக்கும் தட்டுப்பாடு, வியாபாரிகள் பதுக்கிவிட்டார்கள். பாஸ்டனில் ஒரு பணக்காரக் கஞ்ச வியாபாரி, கல்யாணமாகாதவர், ஒரு பவுண்டு காபியை ஆறு ஷில்லிங்குக்குக் குறைந்து கொடுக்க மாட்டேன் என்றிருக்கிறார். நூறு பெண்கள், அதற்கு மேலும் இருக்கலாம் என்கிறார் அபிகெயில், வண்டியோடு கிடங்குக்குப் போய்ச் சாவியைக் கேட்டிருக்கிறார்கள். தரமாட்டேன் என்றதும் ஒரு பெண் அவர் கழுத்தைப் பிடித்து வண்டியில் தூக்கிப் போட்டாள். சாவி வந்தது. வண்டியைச் சாய்த்து அவரை இறக்கிவிட்டு, கிடங்கைத் திறந்து, காபியைத் தாங்களே தூக்கி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆண்கள் பெருங்கூட்டமாக நின்று, பேச்சு மூச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அந்த வியாபாரி தாமஸ் பாய்ல்ஸ்டன், ஜானுக்குத் தாய்வழி உறவினர். உறவுக்காரர் என்று ஒரு சொல்கூடக் குறைத்து எழுதவில்லை. விலைவாசி, பதுக்கல், கூட்டம், நடந்த வரிசை எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு செய்தியாளர் வேறு என்ன செய்வார்?

போரையும் இப்படித்தான் எழுதினார். 1775 ஜூன் 17, பங்கர் ஹில் சண்டை. பீரங்கிச் சத்தம் கேட்டு ஏழு வயது மகன் ஜான் குவின்ஸியைக் கையில் பிடித்துக்கொண்டு பென்ஸ் ஹில் ஏறி, சார்ல்ஸ்டவுன் ஊர் எரிவதைப் பார்த்தார். மறுநாளே ஜானுக்குக் கடிதம் போகிறது, குடும்ப நண்பர் டாக்டர் வாரன் சண்டையில் செத்துப்போன செய்தியோடு. அதே ஜூனில் இன்னொரு கடிதத்தில் குண்டூசி வாங்கி அனுப்பச் சொல்கிறார். ஏழரை ஷில்லிங்குக்கு விற்றது இருபது ஷில்லிங் ஆகிவிட்டது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை என்கிறார். போர் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்று அந்தக் குண்டூசியில் தெரிகிறது. 1776 ஜூலையில், ஜான் ஊரில் இல்லாதபோது, நாலு பிள்ளைகளையும் பாஸ்டனுக்குக் கூட்டிப்போய் பெரியம்மைக்கு அம்மை குத்திக்கொண்டார். அன்றைக்கு அது உயிரைப் பணயம் வைக்கிற வைத்தியம். அந்த இடைவெளியில்தான் ஜூலை 18 அன்று சுதந்திரப் பிரகடனம் பொதுவில் வாசிக்கப்பட்டதை நேரில் கேட்டார்.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1776 மார்ச் 31 கடிதம். புதிய சட்டங்கள் எழுதும்போது பெண்களை நினைவில் வையுங்கள், கணவர்கள் கையில் எல்லையற்ற அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள், முடிந்தால் எல்லா ஆண்களும் கொடுங்கோலர்களாகத்தான் இருப்பார்கள் என்று எழுதினார். ஜான் சிரிப்பு வருகிறது என்று பதில் போட்டார். அதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அபிகெயில் நிறுத்தவில்லை. தோழி மெர்ஸி ஓடிஸ் வாரனுக்கு எழுதி முறையிட்டார். மே 7-ல் ஜானுக்கே, உலக நாடுகளுக்கெல்லாம் விடுதலை கேட்கும் நீங்கள் மனைவிகள்மேல் மட்டும் முழு அதிகாரத்தையும் வைத்துக்கொள்கிறீர்களே என்று திருப்பிக் கேட்டார். மார்ச் 31 கடிதத்திலேயே, மற்ற மனிதர்களை அடிமையாக வைத்துப் பழகியவர்களுக்குச் சுதந்திரத்தின்மேல் உண்மையான வேட்கை இருக்குமா என்று ஓர் இடம் வரும். அதை ஏன் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

சட்டம் மாறவில்லை. கல்யாணமான பெண்ணின் சொத்து கணவனுடையது என்பதுதான் அன்றைய சட்டம். ஆனால் ஜான் ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய கைக்குட்டை, துணிமணி, குண்டூசிகளை விற்று அபிகெயில் காசு சேர்த்தார். ஜானுக்கு நிலம் வாங்குவதில்தான் ஆசை. அபிகெயில் விலை விழுந்து கிடந்த அரசாங்கக் கடன் பத்திரங்களை மாமா காட்டன் டஃப்ட்ஸ் மூலம் வாங்கினார். அவர் கணக்குதான் சரியாக வந்தது. 1816-ல், சட்டப்படி தனக்கென்று எதுவும் இல்லாத அந்த அம்மா, தன் கையால் உயில் எழுதினார். பேத்திகள், சகோதரர் சகோதரியின் பெண்கள், வேலைக்காரப் பெண்கள் என்று ஏறக்குறைய எல்லாம் பெண்களுக்கே. 1818-ல் அவர் இறந்த பிறகு ஜான் அதை அப்படியே நிறைவேற்றினார்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1989-ல் கிணற்று மோட்டாருக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். தோப்பில் வருஷத்துக்கு எத்தனை வெட்டு, ஒரு வெட்டுக்கு எத்தனை காய், உரத்துக்கு என்ன, கூலிக்கு என்ன என்று எல்லாம் நோட்டில் எழுதிக் கொண்டுபோனேன். அதிகாரி நோட்டைத் திறக்கவே இல்லை. "வீட்டுக்காரர் வரட்டும்மா, பேசிக்கலாம்" என்றார். மனு எழுதிக் கொடுத்தவர் தொழில் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தச் சொல் இன்னும் போகவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சிலர் சொல்லலாம். சொல்லட்டும்.

அப்புறம், அபிகெயிலைத் தெய்வமாக்குகிறேன் என்று கமென்டில் யாரும் வரவேண்டாம். 1798-ல் அரசை விமர்சித்த பத்திரிகையாளர்களைச் சிறையில் தள்ளிய சட்டத்தை அவர் ஆதரித்தார். அது தப்பு என்றே நான் நினைக்கிறேன். அவர் ஓட்டுரிமையும் கேட்கவில்லை, சட்டப் பாதுகாப்புதான் கேட்டார். ஆனால் 1797-ல், வீட்டில் வேலை செய்த கறுப்பினப் பையனைப் பள்ளியில் சேர்த்தபோது ஒரு பக்கத்து வீட்டுக்காரர் எதிர்த்துக்கொண்டு வந்தார். முகம் கறுப்பு என்பதற்காகப் படிப்பு கிடையாதா, பிறகு எப்படிப் பிழைப்பான் என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பினார். அதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். கணவர் அதிபராக இருந்தபோது எதிர்க்கட்சிக்காரர்கள் அவரை "மிசஸ் பிரசிடென்ட்" என்று ஏசியதே, அவர் பேச்சு எவ்வளவு எடுபட்டது என்பதற்குச் சாட்சி.

இந்தக் கடிதங்கள் ஏன் மிஞ்சின என்பதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். தன் கடிதங்களை எரித்துவிடும்படி அபிகெயில் எழுதியிருந்தார். 1776 ஏப்ரல் 28-ல் ஜான் பதில் எழுதுகிறார்: எரிக்கச் சொல்கிறாய், அதற்கு முதலில் நான் உன்னை மறக்கவேண்டும். அவர் வைத்திருந்தார், பிள்ளைகள் வைத்திருந்தார்கள், பேரன் 1840-ல் அச்சிலும் கொண்டுவந்தார்.

நானும் என் கடிதங்களின் முடிவில், அந்தக் காலத்து வழக்கப்படி, "படித்ததும் கிழித்துவிடவும்" என்று எழுதுவேன். மஸ்கட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள், யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்ற கூச்சம். என் வீட்டுக்காரர் நான் சொன்னபடியே கிழித்துவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். பாஸ்டனிலிருந்து வந்து ஜானின் பதிலை அவருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பீரோவில் பழைய பாஸ்போர்ட் உறையிலிருந்து ஓர் ஏரோகிராமை எடுத்து வந்து கொடுத்தார். மடிப்பில் கிழிந்து மூன்று துண்டாக இருந்தது. 1991 ஆவணி. காய் 1,340 விழுந்தது, மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டக் கொடுத்திருக்கிறேன், அம்மாவுக்குச் சளி பரவாயில்லை, சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, கூரைமேல் போட்டோம் என்று எழுதியிருக்கிறேன். கடைசி வரியில் கிழித்துவிடச் சொல்லியும் இருக்கிறேன்.