கெடு முடிவதற்குள் எழுதுங்கள்: மின்சாரச் சட்டமும் நம் குரலும்

பருவநிலை, தூய மின்சாரம் பற்றிய சட்டங்களிலும் விதிகளிலும் பொதுமக்கள் எங்கே, எப்படிக் கருத்துச் சொல்வது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் எங்கள் மின்துறைக் குழு பதில் தருகிறது.

ஊரில் 640 பேரிடம் கையெழுத்து வாங்கி, ‘சூரிய மின்சாரத்துக்குச் சட்டம் வேண்டும்’ என்று பிரதமருக்கும் முதல்வருக்கும் அனுப்பினோம். எட்டு மாதமாகியும் பதில் இல்லை. எங்கே தவறு?
(கோபிசெட்டிபாளையம் வாசகர்)

கையெழுத்தில் தவறில்லை, முகவரியில்தான். ‘சட்டம் வேண்டும்’ என்று மட்டும் எழுதிய மனு துறைக்குப் போகும், துறையிலிருந்து மின்வாரியத்துக்குப் போகும், ‘தக்க நடவடிக்கைக்காக’ என்ற குறிப்போடு ஏதோ ஒரு மேசையில் தங்கிவிடும். அதை வைத்து இன்னது செய்யலாம் என்று யாருக்கும் தெரியாது.

அரசியலமைப்பில் மின்சாரம் பொதுப்பட்டியலில் (நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றமும் சட்டம் இயற்றக்கூடிய பட்டியலில்), 38-ஆம் இனமாக இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம். அதன் கீழ் விதிகளை வகுப்பது மத்திய மின்துறை அமைச்சகம். கட்டணம், நெட் மீட்டர் (கூரை சோலார் மின்வாரியத்துக்குத் தரும் மின்சாரத்தை நாம் எடுத்ததிலிருந்து கழிக்கும் கணக்கு), இணைப்பு நிபந்தனைகள் போன்றவற்றை முடிவு செய்வது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். பருவநிலைக்கென்று தனியாக ஒரு பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆகவே உங்கள் கூரை சோலாரின் தலையெழுத்து பெரும்பாலும் விதிகளிலும் ஆணைகளிலும்தான் எழுதப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 2020 டிசம்பர் 31 அன்று வெளியான மின் நுகர்வோர் உரிமை விதிகள் நெட் மீட்டர் வசதியை 10 கிலோவாட்டோடு நிறுத்தின. சோலார் துறையினர் எதிர்த்தார்கள். அடுத்த ஏப்ரலில் திருத்த வரைவு வந்தது. 2021 ஜூன் 28 அன்று அந்த வரம்பு ‘500 கிலோவாட் அல்லது அனுமதிக்கப்பட்ட மின்பளு, இரண்டில் எது குறைவோ அது’ என்று மாறியது. மாறியது ஒரே ஒரு எண், அதற்கு ஆன காலம் ஆறு மாதம். எந்த விதி, எந்த எண், அதை எவ்வளவாக மாற்ற வேண்டும் என்ற மூன்றும் உங்கள் மனுவில் இருந்திருந்தால் 640 கையெழுத்து தேவைப்பட்டிருக்காது. நாற்பது போதும்.

மின்கட்டண மனு பற்றி நாளிதழில் விளம்பரம் வந்தால் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்கிறார்கள். எப்படி எழுதுவது? சிறிய பனியன் யூனிட் வைத்திருக்கிறேன்.
(திருப்பூர் வாசகி)

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். சாதாரண நுகர்வோர் ஒருவரின் கடிதம் சட்டப்படி கணக்கில் எடுக்கப்படும் இடம் இது.

மின்சாரச் சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி, மின் பகிர்மானக் கழகம் கட்டண மனுவின் சுருக்கத்தை வெளியிட்டாக வேண்டும். மனுவைப் பெற்ற 120 நாளுக்குள், வந்த ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பரிசீலித்து ஆணையம் ஆணை பிறப்பிக்க வேண்டும். 120 நாள் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 2022-இல் மனு ஜூலையில் வந்தது. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்பு நடந்தது. செப்டம்பர் 9 அன்று ஆணை வந்துவிட்டது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

விளம்பரம் வந்த அன்றே முழு மனுவை ஆணையத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் இருப்பது சுருக்கம்தான், சிக்கல் எப்போதும் மனுவின் உள்ளே இருக்கும். பல நூறு பக்கம் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். உங்கள் இணைப்பு எந்த வீதப்பட்டியலில் வருகிறது என்பதை மின்கட்டண அட்டையில் பார்த்து, மனுவில் அந்த எண்ணைத் தேடினால் நீங்கள் படிக்கவேண்டியது பத்துப் பதினைந்து பக்கமாகச் சுருங்கிவிடும்.

ஆட்சேபத்தை இப்படி அமையுங்கள். மேலே மனு எண், உங்கள் பெயர், முகவரி, மின் இணைப்பு எண். பிறகு ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் நான்கே வரி: மனுவின் பக்கமும் பத்தியும், அங்கே சொல்லியிருப்பது, அது ஏன் சரியில்லை, அதற்குப் பதிலாக என்ன வேண்டும். நான்காவது வரியைத்தான் பலர் எழுதுவதில்லை. ‘கட்டண உயர்வைக் கைவிடுக’ என்பது கோஷம். ‘இந்தப் பத்தியில் உள்ள இந்த வீதத்தை இவ்வாறு திருத்துக’ என்பது கோரிக்கை. முன்னதை ஆணையம் ஒரே வரியில் கடந்துவிடலாம், பின்னதை மறுக்க வேண்டுமானால் காரணம் சொல்லவேண்டும்.

உங்களுக்குப் பொருந்தும் கோரிக்கை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023-இல் சேர்க்கப்பட்ட 8அ விதி, வெயில் நேரத்து யூனிட்டுக்கு வழக்கமான வீதத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக வசூலிக்க வேண்டும் என்கிறது. மின்தேவை மிகும் உச்ச நேரத்தில் வணிக, தொழில் இணைப்புகளுக்கு வழக்கமான வீதத்தைப்போல் குறைந்தது 1.2 மடங்கு வசூலிக்க வேண்டும். 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் இணைப்புகளுக்கு இது தொடங்கவேண்டிய நாள் 2024 ஏப்ரல் 1. மனுவில் உச்ச நேரக் கூடுதல் கட்டணம் இருந்து, வெயில் நேரத் தள்ளுபடி இல்லையென்றால் அதுவே உங்கள் ஆட்சேபம். கூடவே கணக்கையும் போடுங்கள். யூனிட்டுக்கு 8 ரூபாய், பகல் ஷிப்டில் மாதம் 2,000 யூனிட் என்று வைத்துக்கொண்டால் தள்ளுபடி யூனிட்டுக்கு 1.60 ரூபாய், மாதத்துக்கு 3,200 ரூபாய். சூழல் காரணத்தையும் ஒரு வரியில் சேருங்கள்: வெயில் இருக்கும்போது தையல் மெஷின்கள் ஓடினால் சூரிய மின்சாரம் வீணாகாது, மாலையில் நிலக்கரி உலைகளின் மேல் விழும் சுமை குறையும்.

தமிழில் எழுதலாம். எத்தனை நகல், எந்தத் தேதிக்குள், மின்னஞ்சல் போதுமா, பிரமாணப் பத்திரம் வேண்டுமா என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும், ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ‘கூட்டத்தில் நேரில் பேச விரும்புகிறேன்’ என்ற வரியையும் மறக்கவேண்டாம்.

இன்னொன்று. 2022 ஆணை, ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டின் உயர்வு அல்லது 6 சதவீதம், இரண்டில் குறைவானதன்படி கட்டணத்தைத் திருத்தும் சூத்திரத்தை 2026-27 வரை வைத்துவிட்டது. ஒவ்வொரு ஜூலையிலும் வந்த கோபம் உண்மையில் 2022 ஆகஸ்டில் வந்திருக்கவேண்டியது. பல ஆண்டுகளுக்கான மனு வரும்போது முதலாண்டு வீதத்தைவிட அடுத்த ஆண்டுகளின் சூத்திரத்தை உற்றுப் படியுங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேச பயமாக இருக்கிறது. நீதிமன்றம் மாதிரி இருக்குமா?
(மதுரை வாசகர்)

மேடையில் ஆணையத் தலைவரும் உறுப்பினர்களும் இருப்பார்கள், பேச ஒரு மைக் இருக்கும், அவ்வளவுதான். வக்கீல் தேவையில்லை. கிடைப்பது சில நிமிடம், அதில் பாதியை வணக்கத்திலும் பாராட்டிலும் செலவழித்துவிடுகிறார்கள். எழுத்தில் கொடுத்ததை வாசிக்காதீர்கள், அது ஏற்கெனவே பதிவாகிவிட்டது. அதில் மிக வலுவான ஒரே ஆட்சேபத்தைப் பக்க எண்ணோடு சொல்லிவிட்டு இறங்குங்கள். டிரான்ஸ்பார்மர் பழுது, மீட்டர் கோளாறு போன்ற சொந்தப் புகார்கள் இங்கே எடுபடாது. அவற்றுக்கு 42-ஆம் பிரிவின் கீழ் நுகர்வோர் குறைதீர் மன்றமும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் இருக்கிறார்கள்.

மின் பகிர்மானக் கழகம் இத்தனை சதவீதம் பசுமை மின்சாரம் தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே? அதை யார் சரிபார்ப்பது?
(நாகர்கோவில் வாசகர்)

இருக்கிறது. மின்சாரச் சட்டத்தின் 86(1)(e) பிரிவு மாநில ஆணையத்துக்கு அந்தப் பொறுப்பைத் தந்தது. பிறகு 2022-இல் திருத்தப்பட்ட எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் கீழ், 2023 அக்டோபரில் மத்திய அரசு ஒரு பட்டியலை அறிவித்தது. அதன்படி 2024-25-இல் 29.91 சதவீதம், 2025-26-இல் 33.01 சதவீதம், இப்படி ஏறி 2029-30-இல் 43.33 சதவீதம். அதன் பிறகு வந்த திருத்தங்களையும் சேர்த்தே படியுங்கள்.

அந்தப் பட்டியலில் பலர் பார்க்காத ஒரு கட்டம் உண்டு. கூரை சோலார் போன்ற, 10 மெகாவாட்டுக்குக் குறைவான சிறு நிலையங்களுக்கென்று தனிப் பங்கு. 2025-26-க்கு அது 2.10 சதவீதம். உற்பத்திக் கணக்கு இல்லாத இடத்தில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 3.5 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறது அறிவிக்கை. இனி உங்கள் பகுதிக்குக் கணக்குப் போடலாம். ஆண்டுக்கு 100 கோடி யூனிட் செலவாகும் பகுதி என்றால், 2.10 கோடி யூனிட் இப்படி வரவேண்டும். ஒரு கிலோவாட் ஆண்டுக்குத் தருவது 1,277.5 யூனிட். வகுத்தால் ஏறக்குறைய 16,440 கிலோவாட், அதாவது 3 கிலோவாட் பொருத்திய 5,480 வீடுகள். ‘சோலாரை ஊக்குவியுங்கள்’ என்பதை விட ‘எங்கள் வட்டத்தில் 5,480 வீடு இருக்கவேண்டிய இடத்தில் எத்தனை இருக்கிறது?’ என்பது பதில் சொல்லியே தீரவேண்டிய கேள்வி.

எத்தனை இருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க்குக் கோர்ட் பீ வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதவேண்டும். ‘ஏன் குறைவு?’ என்று கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று திரும்பிவரும், ஆவணத்தைக் கேட்கவேண்டும். ‘2024-25-இல் இந்த வட்டத்தில் இணைக்கப்பட்ட கூரை சோலார் இணைப்புகளின் எண்ணிக்கையும் மொத்தக் கிலோவாட்டும் அடங்கிய பதிவேட்டின் நகல்’ என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வந்த பதிலை அடுத்த கட்டண மனுவின் ஆட்சேபத்தில் இணையுங்கள்.

எங்கள் எம்.பி.யைச் சந்திக்க நேரம் கிடைத்திருக்கிறது. என்ன கேட்பது?
(தஞ்சாவூர் வாசகர்கள் குழு)

நான்கு பேருக்கு மேல் போகாதீர்கள், ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள். பருவநிலை மாற்றம் என்றால் என்ன என்று அவருக்கு வகுப்பெடுப்பதில் கிடைத்த இருபது நிமிடமும் தீர்ந்துபோகும்.

அவர் உடனே செய்யக்கூடியது கேள்வி கேட்பது. மக்களவையில் ஒரு கேள்வி 150 சொல்லுக்குள் இருக்கவேண்டும், குறைந்தது 15 முழு நாள் முன்னதாக நோட்டீஸ் தரவேண்டும். எனவே கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே, கேள்வியை நீங்களே எழுதி அவர் உதவியாளரிடம் கொடுங்கள். கேட்டதற்கு அமைச்சர் எழுத்தில் தரும் பதில் நாடாளுமன்ற ஆவணமாகிவிடும். அந்தப் புள்ளிவிவரத்தை ஆணையத்தின் முன் யாரும் எளிதில் சந்தேகிக்க முடியாது.

மசோதா நிலைக்குழுவுக்கு (அதை விரிவாக ஆராயும் எம்.பி.க்கள் குழுவுக்கு) போயிருந்தால், குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் அறிவிப்பு வரும். அதுதான் நல்ல வாய்ப்பு. ஆனால் எல்லா மசோதாவும் அங்கே போவதில்லை. மின்சாரத் திருத்த மசோதா 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவைக்கு வந்து நிலைக்குழுவுக்குப் போனது, 2024-இல் அவை கலைந்ததோடு காலாவதியானது. அதே ஆகஸ்ட் 3 அன்று வந்த எரிசக்தி சேமிப்புத் திருத்த மசோதா 8-ஆம் தேதியே மக்களவையில் நிறைவேறிவிட்டது. கார்பன் வர்த்தகத்துக்கு (கரிம உமிழ்வுக் குறைப்பை வாங்கி விற்பதற்கு) வழி திறந்த சட்டம், ஐந்தே நாள்! மசோதாக்களைக் குறைந்தது 30 நாள் பொதுப் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று 2014-இல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. அது சட்டம் அல்ல என்பதால் மீறினாலும் கேட்க வழியில்லை. எம்.பி.யிடம் இதையே கோரிக்கையாக வைக்கலாம்: ‘அடுத்த மின்சார மசோதா வந்தால் நிலைக்குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.’

மக்களவை மனுக்கள் குழுவுக்கும் எழுதலாம். இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கவேண்டும், தமிழில் எழுதினால் அவற்றில் ஒன்றின் மொழிபெயர்ப்பை இணைக்கவேண்டும். கடிதங்கள், பிரமாணப் பத்திரங்களை அதோடு சேர்க்கக் கூடாது. ஆதாரம் என்று கட்டுக்கட்டாக இணைத்து மனுவைக் கெடுத்துக்கொள்பவர்களே அதிகம்.

எங்கள் ஊர்ப் பக்கம் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்பு என்றால் புறக்கணிப்பதா, போவதா?
(தூத்துக்குடி வாசகர்)

போங்கள். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் என்ற கணக்கே இல்லை. மூன்று பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தந்தார்களா, அறிக்கையின் சுருக்கம் தமிழில் ஆட்சியர் அலுவலகத்தில் இருந்ததா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதை எழுத்தில், தேதியோடு கொடுங்கள். கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்து விளக்கவேண்டும் என்பது விதி. பேசிவிட்டு உடனே கிளம்பிவிடுவதால், சொன்னது குறிப்பில் வேறாகப் பதிந்திருப்பது தெரியாமலே போகிறது. கடைசிவரை உட்காருங்கள்.

சூரிய மின்தகடு நிலையங்களுக்கு இந்த அறிவிக்கை பொருந்தாது. ஆகவே நூற்றுக்கணக்கான ஏக்கரில் சோலார் பூங்கா வந்தால் இப்படிக் கூட்டம் இருக்காது. அங்கே மேய்ச்சல் நிலம், ஓடை பற்றிக் கேட்க கிராமசபைதான் இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் ஒன்றில் புல எண்களைக் குறிப்பிட்டுத் தீர்மானம் போடுங்கள். புல எண் இல்லாத தீர்மானம் வருவாய்த் துறையில் செல்லுபடியாகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் கையெழுத்து இயக்கம்?
(சேலம் வாசகி)

ஆள் திரட்ட உதவும். வரைவு விதிக்கான ஆட்சேபமாக அது கணக்கில் வராது, தனியாக எழுதி அனுப்பவேண்டும். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினாலும் படிக்கிற அதிகாரிக்கு அது ஒரே ஆட்சேபம்தான். ஆளுக்கொரு பிரிவாகப் பங்கிட்டு எழுதுங்கள்.

ஆணை நமக்கு எதிராக வந்துவிட்டால்? உச்ச நீதிமன்றமே பருவநிலை உரிமை உண்டு என்று சொல்லிவிட்டதே, நேராக வழக்குப் போடலாமா?
(புதுச்சேரி வாசகர்)

2024 மார்ச் 21 தீர்ப்பைச் சொல்கிறீர்கள். ராஜஸ்தான், குஜராத்தில் கானமயில் என்ற அரிய பறவையைக் காக்க மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோவது பற்றிய வழக்கு அது. பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபடும் உரிமை அரசியலமைப்பின் 14, 21-ஆம் கூறுகளில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. பெரிய வாசகம்தான். ஆனால் உங்கள் பகுதியின் கட்டண ஆணையை அது தானாக மாற்றிவிடாது.

ஆணைக்கு எதிரான வழி 111-ஆம் பிரிவு: ஆணையின் நகல் கிடைத்த 45 நாளுக்குள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அதைத் தாண்டி நேரே உயர் நீதிமன்றம் போனால், ‘மாற்று வழி இருக்கிறதே’ என்ற கேள்வியே முதலில் வரும். மேல்முறையீட்டில் முதலில் தேடப்படுவது, அந்த வாதத்தை ஆணையத்தின் முன் எழுத்தில் வைத்தீர்களா என்பதுதான். வைத்திருந்தும் ஆணையில் அதற்குப் பதிலே இல்லையென்றால் உங்கள் பக்கம் வலு கூடும். விரைவுத் தபால் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள்.